பெக்கிஸ் கோவ் கலங்கரை விளக்கத்துக்கு நாயோடு போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

பெக்கிஸ் கோவ் கரையில் உங்கள் நாயால் கண்டுபிடிக்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். மீன் எங்கே கிடக்கிறது, எந்த மூலையில் இன்னொரு நாய் ஒன்றுக்குப் போயிருக்கிறது, யார் கையில் தின்பண்டம் இருக்கிறது எல்லாம் அதன் மூக்குக்குத் தெரியும். வெளிறிய பாறையில் நிற்கலாம், கறுத்த பாறையில் கால் வைக்கக் கூடாது என்பது மட்டும் தெரியாது. அதை அதற்காக நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான் ஹாலிஃபாக்ஸ் நகரில் இரண்டு நாய்களோடு வாழ்கிறேன். கருப்பன் பதினொரு வயதுக் கிழவன். சிட்டு மூன்று வயது, ஓட்டம் தவிர வேறு எதுவும் அறியாதவள். ஒவ்வொரு கோடையிலும் டொரோண்டோவிலிருந்து காரில் வரும் உறவுகளும் நண்பர்களும் கேட்கும் முதல் கேள்வி, “அக்கா, லைட்ஹவுசுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா?” என்பதுதான். தாராளமாகப் போகலாம். எப்படிப் போக வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஹாலிஃபாக்சுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 43 கிலோமீட்டரில், செயின்ட் மார்கரெட்ஸ் விரிகுடாவின் கிழக்கு முனையில் இருக்கும் சின்ன மீனவக் கிராமம் இது. 1868-ல் இங்கே முதலில் மரத்தாலான விளக்கு எழுந்தது. இன்று நாம் பார்க்கும் எட்டுப்பட்டைக் கோபுரம் 1915-ல் வந்தது. உயரம் சுமார் 15 மீட்டர். வெள்ளை உடல், தலையில் சிவப்பு விளக்கறை. பச்சை ஒளி காட்டிக்கொண்டிருந்த விளக்கு 2007 முதல் சிவப்பு ஒளி காட்டுகிறது. 2009 வரை கோடையில் கீழ்த்தளத்தில் ஒரு தபால் நிலையம் இயங்கியது. இப்போது பொதுமக்கள் உள்ளே போக முடியாது. நாயோடு வருபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒருவர் கோபுரம் ஏற, இன்னொருவர் நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே காத்திருக்கும் பிரச்சினை இங்கே இல்லை. பார்க்க வேண்டியது எல்லாம் வெளியில்தான்.

கோபுரத்தைத் தாங்கி நிற்கும் கிரானைட் ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் குழம்பாக இருந்து இறுகியது. பிற்காலத்தில் பனிப்பாறைகள் அதன்மேல் நகர்ந்து வழித்துத் தேய்த்தன. உருகிப் பின்வாங்கியபோது வீடு அளவு கற்களை ஆங்காங்கே விட்டுப் போயின. அந்த உருண்டைக் கற்களின் பின்புறம் காற்று அடிக்காது. நாய்க்குத் தண்ணீர் காட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதல் படி: நாளும் நேரமும்

ஜூன் முதல் அக்டோபர் வரை, காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை அங்கே நாயோடு போகாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குச் சொகுசுக் கப்பல் வரும் நாள்களில், குறிப்பாகச் செப்டம்பர், அக்டோபரில், பேருந்து பேருந்தாகக் கூட்டம் இறங்கும். குழந்தைகள் கேட்காமலே தலையைத் தடவ ஓடிவருவார்கள். சில நாள் பேக்பைப் என்னும் ஊதுகருவி வாசிப்பவர் ஒருவரும் இருப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகாத நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. இங்கே ஒரு பக்கம் கடல்.

ஜூனில் காலை ஐந்தரை மணிக்கே சூரியன் வந்துவிடும். ஆறரைக்கு அங்கே இருந்தால் நீங்களும் கடற்காகங்களும் மட்டும்தான். காலையில் எழ முடியாதவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் போகலாம்.

பருவத்தைப் பொறுத்தவரை என் தேர்வு செப்டம்பர் கடைசி. ஜூன், ஜூலையில் மூடுபனி அதிகம். சில காலைகளில் கோபுரமே கண்ணுக்குத் தெரியாது. பனி அழகுதான், ஆனால் பாறை நனைந்து கிடக்கும். அலை வரும் திசையையும் நாய் போன திசையையும் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் கிராமத் தெருவோடு திரும்பிவிடுங்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது கடல் முன்னறிவிப்பு. கனடா அரசின் வானிலைத் துறை கடல் பகுதிகளுக்குத் தனியாக அலை உயரம் சொல்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் என்றிருந்தால் நான் நாய்களை வீட்டில் விட்டுவிடுவேன். இது என் சொந்த அளவுகோல்தான், சட்டம் அல்ல. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அட்லாண்டிக்கில் சூறாவளிக் காலத்தின் உச்சம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போகும் புயல்கூட இந்தக் கரைக்குப் பெரிய அலைகளை அனுப்பும். வெயில் அடிக்கும், காற்றே இருக்காது, வானம் நீலமாக இருக்கும், அலை மட்டும் மலைபோல வரும். இந்தக் கரையில் மனிதர்களை இழுத்துச் சென்ற அலைகளில் சில அப்படிப்பட்ட அமைதியான நாள்களில் வந்தவை.

இரண்டாம் படி: பையில் வைக்க வேண்டியவை

கயிறு முதலில். இரண்டு மீட்டருக்கு மிகாத, நீளம் மாறாத சாதாரணக் கயிறு. பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள் கயிறு இங்கே வேண்டாம். சிட்டு ஒரு வயதாக இருந்தபோது நான் சுருள் கயிறோடுதான் போனேன். ஒரு கடற்காகம் எழும்பியது, அவள் பாய்ந்தாள், பொத்தான் பிடிக்கவில்லை, கயிறு முழு நீளத்துக்கும் ஓடியது. அவள் நின்ற இடத்துக்கும் ஈரப் பாறைக்கும் நடுவில் மூன்று தப்படி. அன்று கடல் சாந்தமாக இருந்ததால் இன்று அவள் என் காலடியில் படுத்திருக்கிறாள். அந்தக் கயிற்றை அன்றே குப்பையில் போட்டேன்.

கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டாமல், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னசில் கட்டுங்கள். முதுகில் கைப்பிடி உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. பாறை இடுக்கில் தூக்கிவிட அது உதவும். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லை இருக்கட்டும்.

தண்ணீர் ஒரு நாய்க்கு ஒரு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய நீர் மழைநீர் போலத் தெரியும். அதில் கடல் நீரும் பாசியும் கலந்திருக்கும். உப்புநீரைக் குடித்த நாய் வாந்தி, பேதியோடுதான் ஹாலிஃபாக்ஸ் திரும்பும். அளவு மீறினால் உடலில் உப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு பழைய துண்டு, எச்சம் அள்ளும் பைகள், உண்ணி எடுக்கும் கூர்முனைச் சாமணம், சிறு முதலுதவிப் பெட்டி. இவ்வளவு போதும்.

நம் வீட்டுக் கட்டுச்சாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே வெங்காய வடை, பிரியாணி, திராட்சை போட்ட கேசரி எதையும் “பாவம், பார்த்துக்கொண்டே இருக்கிறதே” என்று போடாதீர்கள். உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதம் ஒரு பிடி தனியாகக் கட்டிக்கொண்டால் அதற்கும் நிறைவு, உங்களுக்கும் நிம்மதி.

மூன்றாம் படி: பயணம்

டொரோண்டோவிலிருந்து வருபவர்களுக்குத் தூரம் சுமார் 1,800 கிலோமீட்டர். நாய் இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கியூபெக்கின் ரிவியேர் டு லூ அல்லது நியூ பிரன்சுவிக்கின் எட்மண்ட்ஸ்டன் இரவு தங்க ஏறக்குறைய நடுவழி. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றைக் காரிலேயே வைத்திருங்கள். தங்குமிடமும் கேட்கலாம், வழியில் மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவரும் கேட்பார்.

ஹாலிஃபாக்சிலிருந்து 333-ஆம் எண் சாலை. முக்கால் மணி நேரம் ஆகும். கடைசிப் பகுதி வளைந்து வளைந்து போகும். வயிறு பிரட்டும் நாய்க்குப் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

உணவகத்துக்குள் போகிறோம் என்று நாயைக் காரில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். கடற்காற்று குளிராக இருப்பதால் ஏமாந்துவிடுவோம். வெளியே 21 டிகிரி வெயிலில், அரை மணி நேரத்தில் காருக்குள் 40 டிகிரியை எட்டிவிடும். மாறி மாறிச் சாப்பிடுங்கள், அல்லது வாங்கிக்கொண்டு வெளியே வந்து உண்ணுங்கள்.

நான்காம் படி: கிராமத்துக்குள் நடை

கிராமத்தின் நுழைவிலேயே பயணியர் தகவல் மையமும் வாகன நிறுத்தமும் கழிப்பறையும் உண்டு. கோபுரத்துக்குப் பக்கத்திலும் கார் நிறுத்த இடம் இருக்கிறது. ஆனாலும் நாயோடு வருபவர்கள் நுழைவிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. கார்ப் பயணத்தின் துள்ளல் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் அடங்கும். பாறைக்கு வரும்போது நாய் உங்கள் பேச்சைக் கேட்கும் நிலையில் இருக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வழியிலேயே முடித்துவிடும்.

முடித்ததை அள்ளுங்கள். இது சுற்றுலாவுக்காகக் கட்டிய செட் அல்ல. சில பத்துப் பேர் மட்டுமே வாழும் ஊர், அவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் நாம் போகிறோம். ஹாலிஃபாக்ஸ் மாநகர எல்லைக்குள் வருவதால் நாயைக் கயிற்றில் பிடிப்பதும் கழிவை அகற்றுவதும் சட்டப்படி கடமை.

படகுத்துறையில் லாப்ஸ்டர் கூண்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். இந்தக் கரையில் லாப்ஸ்டர் பிடிக்கும் பருவம் நவம்பர் கடைசித் திங்கட்கிழமையில் தொடங்கி மே மாத இறுதியில் முடியும். கோடையில் கூண்டுகள் எல்லாம் கரையில் இருக்கும். அவற்றில் ஊறிய மீன் இரையின் வாடை நாய்க்குச் சொர்க்கம். ஆண் நாய் உடனே காலைத் தூக்கும். அது ஒரு மீனவரின் பிழைப்புக் கருவி. கருப்பனைத் துறைப்பக்கம் நான் இடப்புறத்தில் ஒட்டியே நடத்துவேன். நம் ஊர்க் கடற்கரையில் காயப்போட்ட வலையை மிதிக்காமல் சுற்றிப் போவோமே, அந்த மரியாதைதான். இன்னொரு காரணமும் உண்டு: தூண்டில் முள். மீன் வாடையோடு கிடக்கும் முள்ளை நாய் விழுங்கிவிட்டால் அறுவைச் சிகிச்சைவரை போய்விடும். தரையை மோப்பம் பிடிக்கும் வாயை அந்த இடத்தில் மட்டும் தூக்கிப் பிடியுங்கள்.

வழியில் வில்லியம் டிகார்த் செதுக்கிய பாறைச் சிற்பம் வரும். பின்லாந்தில் பிறந்து இங்கே குடியேறிய ஓவியர். தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த 30 மீட்டர் நீளக் கிரானைட்டில் மீனவர்களையும் அவர்கள் மனைவி மக்களையும் வடிக்கத் தொடங்கி, முடிக்காமலே 1983-ல் காலமானார். நாயோடு நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: பாறை

இப்போது முக்கியமான இடம்.

கோபுரத்தைச் சுற்றியுள்ள பாறையைக் கவனித்தால் மூன்று நிறம் தெரியும். மேலே வெளிர் சாம்பல். கீழே இறங்க இறங்க மங்கல். தண்ணீர் ஓரமாகக் கரி பூசியது போன்ற கறுப்பு. கல் வேறு வேறு அல்ல, எல்லாம் ஒரே கிரானைட்தான். அலை அடிக்கடி நனைக்கும் இடத்தில் நீலப்பச்சைப் பாசியும் கறுப்புக் கற்பாசியும் படர்ந்து அந்த நிறம் வருகிறது. உலர்ந்திருக்கும்போது சாதாரணக் கல் போல இருக்கும். ஈரம் பட்டதும் வழவழப்பாகிவிடும். நாயின் நகம் அதில் ஊன்றாது, உங்கள் காலணியும் பிடிக்காது. ஆக, கறுப்பு என்பது கடல் அங்கேவரை வருகிறது என்று கடலே போட்டுவைத்த கோடு. அந்த நேரத்தில் அலை அதுவரை வரவில்லை என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

இங்கே ஓதம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும் அளவு, பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள்தான். இதே மாகாணத்தின் மறுபக்கம், ஃபண்டி விரிகுடாவில், 16 மீட்டர்வரை ஏறி இறங்கும். அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் “ஓதம் இறங்கிவிட்டது, போகலாம்” என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெக்கிஸ் கோவ் கரையில் ஆபத்து ஓதத்தால் வருவதில்லை. திறந்த அட்லாண்டிக்கிலிருந்து தடையில்லாமல் வரும் நெடிய அலைகளால் வருகிறது. அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பத்து நிமிடம் சின்னதாகவே வந்துகொண்டிருக்கும், பிறகு இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று எழும்பும். ஆகவே பாறைக்கு வந்ததும் மேலேயே நின்று இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். மிக உயரமாக ஏறிய தண்ணீர் எங்கே தொட்டதோ, அதற்கும் மேலே பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி உங்கள் எல்லையை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குக் கீழே நாயும் இல்லை, நீங்களும் இல்லை.

பிறகு நடை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் சறுக்கினால் உங்களையும் சேர்த்து இழுக்கும். பிடியைக் கைக்குள் வைத்து, கயிற்றைத் தளர்வாக விட்டு, கடல் பக்கம் நீங்களும் நிலப் பக்கம் நாயுமாக நடங்கள். இடுக்குகளில் நாய் தாண்ட யோசித்தால் இழுக்காமல் வேறு வழி தேடுங்கள். அது தயங்குவதற்குக் காரணம் இருக்கும். இந்தக் கிரானைட் சொரசொரப்பானது. வீட்டுக்குள்ளேயே வளரும் நாயின் உள்ளங்கால் அரை மணியில் சிவந்துவிடும். நடுவில் ஒருமுறை காலைத் தூக்கிப் பாருங்கள்.

வயதான நாய், குட்டை நாய், இடுப்பு வலியுள்ள நாய் என்றால் பாறைக்கு இறங்கவே வேண்டாம். சக்கர நாற்காலியும் போகும்படி 2021-ல் கோபுரத்தருகே ஒரு பார்வை மேடை கட்டியிருக்கிறார்கள். கருப்பனுக்கு இப்போது அதுதான் இடம். தடுப்புக் கம்பிக்கு இடையில் மூக்கை நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நிற்பான். அவன் அவ்வளவு நேரம் நின்று நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படம் எடுப்பவர்களுக்கு: நாயைப் பாறை மேல் உட்காரவைத்துக் கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து படம் எடுக்காதீர்கள். இன்னொருவர் கயிற்றைப் பிடித்துச் சட்டகத்துக்கு வெளியே நிற்கட்டும். கோபுரத்தின் வடக்குப் பக்கத்திலிருந்து, கடலைப் பின்னணியாகக் கொண்டு மேட்டிலிருந்தே அழகான படம் கிடைக்கும்.

ஒருவேளை நாய் தண்ணீரில் விழுந்துவிட்டால்

நீங்கள் இறங்காதீர்கள். எழுதும்போதே கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மே மாதத்தில்கூட இந்தக் கடல் பத்து டிகிரியை எட்டாது. அந்தக் குளிர் முதல் நிமிடத்திலேயே மூச்சைத் திணறடிக்கும். அலை உங்களைப் பாறையில்தான் அறையும். நாயை மீட்க இறங்கியவரை மீட்க இன்னொருவர் இறங்க வேண்டிவரும். உடனே 911 அழையுங்கள். மேட்டிலேயே நின்று, நாய்க்குத் தெரியும்படி கையை ஆட்டி, பாறை சரிவாக இறங்கும் பக்கமாக நடந்துகொண்டே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நாய் குரல் வரும் திசைக்கு நீந்தும்.

கைப்பிடி வைத்த நாய் மிதவை அங்கி ஒன்று விலைக்குக் கிடைக்கிறது. இளம், துடிப்பான நாய் என்றால் அதைப் போட்டே கூட்டிப் போங்கள்.

ஓட்டத்துக்கு வேறு இடம்

பாறையில் அடக்கி நடத்திய நாய்க்குக் கால் நீட்டி நடக்க ஓர் இடம் வேண்டும். 333-ஆம் சாலையிலேயே ஹாலிஃபாக்ஸ் பக்கமாகச் சற்றுத் திரும்பினால் பாலிஸ் கோவ் என்ற ஒற்றையடிப் பாதை. குட்டைப் புதரும் சதுப்பும் பாறையும் கலந்த வெளி. பூச்சி தின்னும் குடுவைச் செடிகளை அந்தச் சதுப்பில் பார்க்கலாம். கால் நனையும், நாய் சேறாகும், பரவாயில்லை. அங்கேயும் கடலோரத்தில் அதே கறுப்புப் பாறைதான், எனவே கயிறு கையிலேயே இருக்கட்டும். கயிறில்லாமல் ஓடவிட ஹாலிஃபாக்சின் பாயின்ட் பிளசன்ட் பூங்காவில் அதற்கென்று அனுமதித்த பகுதிகள் உள்ளன. அங்கே செந்நிற ரோமத்தோடு, தண்ணீரைக் கண்டால் நிற்காத ஒரு நாயைப் பார்த்தால் அது இந்த மண்ணின் டக் டோலிங் ரெட்ரீவராக இருக்கலாம். கரையோரம் துள்ளி விளையாடி, வேடிக்கை பார்க்கும் வாத்துகளை வேடனின் பக்கம் ஈர்ப்பதற்காக வளர்த்த இனம். 1945-ல் கனடிய நாய் வளர்ப்போர் கழகம் அதை ஏற்றது, 1995-ல் நோவா ஸ்கோஷியாவின் மாகாண நாயானது.

கிராமத்திலிருந்து மறுபக்கமாக ஒரு கிலோமீட்டர் போனால் வேல்ஸ்பேக் என்ற இடத்தில் ஸ்விஸ்ஏர் 111 விமான நினைவிடம். 1998 செப்டம்பர் 2 அன்று இந்தக் கடலில் விழுந்த அந்த விமானத்தில் இருந்த 229 பேரும் இறந்தார்கள். கல்லில் மூன்று வெட்டுகள் இருக்கும், அவை விமானத்தின் எண். குரைக்கும் நாயோடு அங்கே போக வேண்டாம். நான் போகும்போது கருப்பனும் சிட்டுவும் இன்னொருவரோடு சாலையோரத்திலேயே இருப்பார்கள்.

கடைசிப் படி: உண்ணி

வீடு திரும்பியதும் படுத்துவிடாதீர்கள். கனடாவில் லைம் நோய் மிகுந்த மாகாணம் நோவா ஸ்கோஷியா. கருங்கால் உண்ணி அதைப் பரப்புகிறது. நான்கு டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தாலே அது நடமாடும். பாறையில் இருக்காது, பாதையோரப் புல்லிலும் புதரிலும் காத்திருக்கும். பயணத்துக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். லைம் தடுப்பூசியும் இருக்கிறது, தேவையா என்று அவரிடமே கேளுங்கள்.

முதலில் நன்னீரில் காலையும் வயிற்றையும் கழுவி உப்பைப் போக்குங்கள். பிறகு துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் உட்காரவைத்து, விரல் நுனியால் ரோமத்துக்கு எதிர்த்திசையில் தடவிக்கொண்டே போங்கள். உண்ணி ஒட்டிய இடம் எள்ளுருண்டையில் எள் தட்டுவது போல விரலில் தட்டும். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் இறங்கும், ஆகவே அன்றிரவே எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காதின் உள்மடிப்பு, கண் இமை ஓரம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், வாலடி, கடைசியாகக் கால்விரல் இடுக்குகள். சிட்டு விரல் இடுக்கைத் தொடவிடமாட்டாள், அதனால் எப்போதும் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வேன். அதற்குள் அவள் தூங்கியிருப்பாள்.